எதிர் வரப்பில் யார் நிற்பது?

வயலுக்கு டிரோனில் மருந்தடிக்க இரண்டு பேர் வேண்டும்: இந்த வரப்பில் ரிமோட்டைப் பிடித்துக்கொள்ள ஒருவர், எதிர் வரப்பில் சும்மா நிற்க ஒருவர். ஊர்க்காரர்கள் ரிமோட் பிடிக்கிறவரைச் சுற்றித்தான் கூடுவார்கள். சும்மா நிற்கிறவர் என்ன வேலை பார்த்தார் என்பது அவர் இல்லாத அன்றுதான் தெரியும்.

எங்கள் தொழிலில் சும்மா நின்றவள் என் மனைவி அமலி. அவளை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில், ஜன்னலோரக் கட்டிலில். மூச்சு வாங்குகிறது என்று சேர்த்திருந்தோம். அன்று முகம் தெளிந்திருந்தது. இரண்டொரு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகள் ஜெனி ஓசூரிலிருந்து வந்து பக்கத்தில் இருந்தாள். குடவாசல் பக்கம் ஒரு வயலில் புகையான் பூச்சி விழுந்து பயிர் வட்டம் வட்டமாகக் கருகிக்கொண்டிருந்தது. வயல்காரரிடம் வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். நான் போகாமல் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்து அமலியே சொன்னாள்: “போங்க. காத்து எந்திரிக்கிறதுக்குள்ள அடிச்சிட்டு வந்துடுங்க.” வாசல்வரை போய்விட்டேன். பின்னாலிருந்து கேட்டாள்: “எதிர் வரப்புல யாரு நிக்கிறா?” யாரையாவது நிற்க வைத்துக்கொள்கிறேன் என்றேன். “யாரையாவதுன்னா யாரு?”

அதற்குள் நர்ஸ் ஊசியோடு வந்துவிட்டார். நான் கையைக் காட்டிவிட்டுக் கிளம்பினேன். வேலை முடிந்து வாய்க்காலில் மருந்து டாங்கியின் வெளிப்பக்கச் சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஜெனி போன் செய்தாள்.

அடக்கமெல்லாம் முடிந்து ஓசூருக்குத் திரும்புகிற அன்று ஜெனி ஒரு நிபந்தனை போட்டாள். எதிரில் ஆள் இல்லாமல் நான் வயலில் தனியாக நிற்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லையாம். மெஷின் ஒரே ஒரு தடவை விழுந்தாலும் அதை விற்றுவிட்டு அவளோடு போய்விட வேண்டும். சரி என்றேன். ஓசூரில் அவள் வீடு மூன்றாவது மாடியில் இருக்கிறது. பால்கனியில் நின்றால் இன்னொரு பால்கனி தெரியும். இங்கே எனக்கு இந்த மெஷின் இருக்கிறது, மாதா கோயில் தோட்டத்துக் கல்லறையில் அமலி இருக்கிறாள். ஆகையால் அன்றிலிருந்து எனக்கு ஒரே கவலைதான், மெஷின் விழக் கூடாது.

பிழைப்புக்கு ஒரு மெஷினை நம்பிவிட்டு, அது எப்போது மக்கர் பண்ணுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டே வாழ்கிற எல்லாருக்கும் நான் சொல்லப்போகிற இந்தக் கதைகள் புரியும். மோட்டார் பம்பு வைத்திருப்பவர்களும், அறுவடை மெஷின் ஓட்டுகிறவர்களும், பழைய ஸ்கூட்டரில் மழைக்காலத்தைக் கடக்கிறவர்களும் என் சொந்தக்காரர்கள்தான்.

கண்ணுக்குப் பொட்டு

நான் படிப்பால் இதற்கு வந்தவன் இல்லை. குடவாசல் கடைத்தெருவில் முதுகில் மாட்டுகிற பவர் ஸ்பிரேயர் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தேன். கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டித்தான் எல்லாம் கற்றுக்கொண்டேன். டிரோன் வந்ததும், இனி முதுகில் யார் சுமப்பார்கள் என்று தெரிந்துவிட்டது. பயிற்சிக்குப் போய் லைசென்ஸ் வாங்கினேன். அங்கே பறக்க வைப்பதைச் சொல்லிக்கொடுத்தார்கள். வானத்தில் இருக்கும்போது அது நம் பேச்சைக் கேட்காவிட்டால் என்ன செய்வது என்பதை ஒரு மத்தியான வகுப்பில் முடித்துவிட்டார்கள். மிச்சத்தை நானும் அமலியும் வயல் வயலாகப் படித்தோம்.

முதல் வருஷம், சுவாமிமலைக்குப் பக்கத்தில் கலியபெருமாள் என்பவர் வயல். புது மெஷின் என்றதும் பூஜை போடாமல் தூக்கக் கூடாது என்றார். நாங்கள் வேதக்காரர்கள், அமலி ஏற்கெனவே வீட்டில் கட்டைவிரலால் அதற்குச் சிலுவை போட்டுவிட்டிருந்தாள். இருந்தாலும் ஒரு சாமிக்கு இரண்டு சாமி துணை இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். அவர் மெஷினில் மோட்டார் மாட்டிய ஆறு கைக்கும் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் அறுத்துப் பிழிந்தார். மெஷின் கிளம்பி, பயிருக்கு ஆள் உயரம் மேலே நிற்க வேண்டியது, தென்னைமர உயரத்துக்குப் போய் நின்றது. இறக்கினால் கொஞ்சம் இறங்கும், உடனே எதற்கோ பயந்ததுபோல மறுபடி ஏறும். அங்கிருந்து விழுகிற மருந்து பக்கத்து வெற்றிலைக் கொடிக்காலுக்குப் போய்விடுமே என்று முதலில் பம்பை நிறுத்தினேன். அப்புறம் என்ன செய்வதென்று தெரியவில்லை.

அப்போதுதான் எதிர் வரப்பிலிருந்து அமலி கத்தினாள்: “அடியில மஞ்சளா என்னமோ அப்பியிருக்குங்க!” மெஷினின் வயிற்றில் ஒரு கண் உண்டு. அதுதான் கீழே பயிர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்து உயரத்தைப் பிடித்துக்கொள்ளும். கலியபெருமாள் அதற்கும் சந்தனம் அப்பியிருந்தார். ஈரச் சந்தனத்தைப் பார்த்த மெஷின், தரை மூக்குக்கு நேரே வந்துவிட்டதாக நினைத்து மேலே மேலே ஓடியிருக்கிறது. அந்தக் கண்ணை ரிமோட்டில் அணைத்துவிட்டு, கையாலேயே மெதுவாக இறக்கித் துடைத்தேன். வயிற்றுப்பக்கம் தெரிவது எதிரில் நிற்கிறவர்களுக்கு மட்டும்தான் என்று அன்று கற்றுக்கொண்டேன். கலியபெருமாளுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. “சாமிக்குப் பொட்டு வச்சா கண்ணத் தொறக்கும். இது என்னண்ணே, மூடிக்கிது?” என்றார்.

மேலண்டை, கீழண்டை

மெஷின் நம்மைவிட்டுப் போகும்போது அதன் வலதும் நம் வலதும் ஒன்று. அது நம்மைப் பார்த்துத் திரும்பியதும் எல்லாம் மாறிவிடும். நாம் கையை வலப்பக்கம் தள்ளினால் அது நமக்கு இடப்பக்கம் போகும். கண்ணாடியைப் பார்த்து மீசை வெட்டுகிறவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும். சாதாரண நாளில் மெஷின் தானாகக் கோடு போட்டதுபோலப் போய் வருவதால் பிரச்சினை இல்லை. அதற்குக் கோளாறு வந்து, நம் கையில் முழுசாக ஒப்படைத்துவிடுகிற நேரத்தில்தான் நமக்கு இடது வலது மறந்துபோகும்.

ஒருநாள் நடு வயலில் அப்படி ஒப்படைத்துவிட்டது. அமலி “ரைட்டு, ரைட்டு” என்றாள். அவள் சொன்னது அவளுடைய ரைட்டு. நான் தள்ளியது என்னுடைய ரைட்டு. மெஷின் கேட்டுக்கொண்டது அதனுடைய ரைட்டு. அது நேராக அவளை நோக்கிப் போனது. அவள் குடையோடு சேற்றில் உட்கார்ந்ததால் தலை தப்பியது. குடையின் ஒரு கம்பி வளைந்தது அன்றுதான். வயலின் எல்லை எனக்குத் தூரத்திலிருந்து தெரியட்டும் என்று அவள் எப்போதும் பிடித்து நிற்கும் சிவப்புக் குடை அது.

எழுந்து புடவைச் சேற்றை வழித்துப் போட்டுவிட்டு அங்கேயே சட்டம் போட்டாள். “இனிமே லெஃப்ட்டு ரைட்டெல்லாம் கெடையாது. மேலண்டை, கீழண்டை, வடவண்டை, தென்னண்டை. நீங்க திரும்பலாம், நான் திரும்பலாம், மெஷின் திரும்பலாம். நெலம் திரும்பாதுல்ல?” நிலப் பத்திரத்தில் மேற்கு, கிழக்கு, வடக்கு, தெற்கு என்று நாலு பக்க எல்லை சொல்லுகிற அந்த வார்த்தைகள்தான் அதற்குப் பிறகு எங்கள் பாஷை. மூக்கு எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம், போக வேண்டியது எந்தப் பக்கம் என்று மூன்றையும் அவள் அந்த வரிசையில் சொல்லுவாள். என் கை தானாக வேலை செய்யும். மன்னார்குடியிலிருந்து வந்த இன்னொரு டிரோன்காரர் இதைக் கேட்டுக்கொண்டே நின்றார். “அண்ணே, நீங்க மருந்தடிக்கிறீங்களா, பத்திரம் எழுதுறீங்களா?” என்று கேட்டார்.

வீடியோவில் விழுந்தது

அமலி போன பிறகு எதிர் வரப்புக்கு முதலில் வந்தது அவள் தம்பி ஆரோக்கியம். நல்ல பிள்ளை. நாற்பது வயதுக்கு மேல் ஆகியும் அவனை எல்லாரும் பிள்ளை என்றுதான் சொல்லுவோம். அக்காவின் குடையைப் பிடிக்கச் சொன்னேன், வெட்கமாக இருக்கிறது என்று துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நின்றான்.

நாலாம் நாள் மெஷினின் ஆறு மோட்டாரில் ஒன்று பறக்கும்போதே நின்றுவிட்டது. ஆறு கை மெஷின் உடனே விழாது. ஆனால் பம்பரம்போல் சுழலத் தொடங்கும். சுழற்சியை எதிர்த்துக் கையைத் திருப்பினால் மற்ற மோட்டார்களுக்கும் பாரம் ஏறும். அதைச் சுழலவிட்டுவிட்டு, மருந்தை அதே வயலில் ஓடவிட்டுச் சுமையைக் குறைத்து, நின்ற இடத்திலேயே இறக்க வேண்டும். “கீழ வயல்ல யாராச்சும் இருக்காங்களா?” என்று கத்தினேன். மெஷினுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எதிரில் நிற்கிற அவனுக்குத்தான் தெரியும். மறுபடி கத்தினேன். “சூப்பரா இருக்கு மாமா!” என்றான். போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். கடவுள் புண்ணியத்தில் வயலில் யாரும் இல்லை. மெஷின் பயிருக்குள் உட்கார்ந்தது. நான் இடுப்பளவு பயிரில் நடந்து போய் அதைத் தூக்கி வருவதற்குள் அவன் அதைத் தன் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டான். சேறு கழுவுமுன் ஜெனியின் போன் வந்துவிட்டது: விழுந்துவிட்டதா என்று. இல்லை, நானாகத்தான் இறக்கினேன் என்று அவளுக்குப் புரிய வைக்க வெகுநேரம் ஆயிற்று.

ஆரோக்கியத்தை நான் திட்டவில்லை. சாயங்காலம் வண்டியில் திரும்பும்போது அவனாகவே சொன்னான். “அக்கா மாதிரி சும்மா நிக்க என்னால முடியாது மாமா. கை பரபரங்குது.”

இரண்டு டம்ளர்

அதற்குப் பிறகு நான் யாரையும் கூப்பிடவில்லை. சவுக்குக் கம்பு ஒன்றில் அமலியின் குடையைக் கட்டி, விடியுமுன் எதிர் வரப்புக்கு நடந்து போய் நட்டுவிட்டு, திரும்பி வந்து வேலையைத் தொடங்குவேன். வயலின் எல்லை தெரியும். காற்று கிளம்பினால் துணி படபடக்கும். அதற்குமேல் அது எதுவும் சொல்லாது. லோடு ஆட்டோவில் பக்கத்து சீட்டில் பேட்டரிப் பெட்டியை வைத்துக்கொண்டேன். சீட்டு காலியாக இருந்தால் பள்ளத்தில் வண்டி குதிக்கும்போது தனியாகச் சத்தம் போடுகிறது.

வேளாங்கண்ணி போகிற ரோட்டில் ஒரு பழைய வாடிக்கைக்காரர் வயல். ராமலிங்கம் என்று பெயர். ஒரு வருஷத்துக்குப் பிறகு கூப்பிட்டிருந்தார், அமலி போன செய்தி அவருக்குத் தெரியாது. வேலை முடியும் நேரத்தில் வீட்டிலிருந்து இரண்டு டம்ளர் டீயோடு வந்தார். எதிர் வரப்பில் குடை தெரிவதால் ஒன்றை அங்கே கொண்டுபோகக் கிளம்பினார். பாதி வரப்புவரை போய்விட்டார். நான் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் அந்தக் குடையையே பார்த்துக்கொண்டு நின்றார். வரப்பில் உட்கார்ந்து ஒரு டம்ளரை வாங்கிக் குடித்தேன். முடித்ததும் இன்னொன்றையும் நீட்டினார். “ஆறிப்போச்சு, பரவால்ல, குடிங்க. அந்தம்மா ஆறுனாத்தான் குடிப்பாங்க” என்றார்.

பிள்ளையார் சாட்சி

இந்த மெஷின்களுக்கு ஒரு நல்ல புத்தி உண்டு. ரிமோட்டோடு தொடர்பு அறுந்துபோனால் கண்டபடி பறக்காமல், முதலில் எங்கே கிளம்பியதோ அந்த இடத்துக்கே திரும்பிவந்து இறங்கிவிடும். கிளம்பிய இடம் வயல் ஓரமாக இருந்துவிட்டால் கவலை இல்லை. ஆனால் நம் பக்கத்து ஆட்கள் எதையும் வயல் ஓரத்தில் தொடங்கவிட மாட்டார்கள். ஒரு ஊரில் பிள்ளையார் கோயில் வாசலில் வைத்துத்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும், தேங்காய் உடைத்த கையோடு அங்கிருந்தே பறந்து வயலுக்குப் போக வேண்டும், ஜனங்கள் பார்க்க வேண்டும் என்றார்கள். சரி என்று அப்படியே பறக்கவிட்டுப் பின்னாலேயே நடந்தேன். வயலில் ஒருமுறை இறக்கி அணைத்து மறுபடி கிளப்பியிருக்க வேண்டும். ஊரே கைதட்டிக்கொண்டு கூட வந்ததில் அந்த ஞாபகம் இல்லை.

பாதி வேலையில் ரிமோட்டின் ஆன்டெனா ஒயர் விட்டுப்போயிற்று. மெஷின் சட்டென்று மேலே ஏறித் திரும்பி, தென்னந்தோப்புக்கு மேலே போய் மறைந்தது. முன்னேயென்றால் எதிரிலிருந்து ஒரு குரல் அது போகும் திக்கைச் சொல்லிக்கொண்டே இருக்கும். இப்போது குடை மட்டும் நின்றது. நான் ரிமோட்டைக் கழுத்தில் மாட்டியபடி வரப்பிலும் தெருவிலுமாக ஓடினேன். “இந்தப் பக்கம் ஒண்ணு பறந்துச்சாங்க?” என்று எதிரில் வந்தவர்களையெல்லாம் கேட்டேன். கோழியைத் தேடுகிறேன் என்று நினைத்து ஒரு அம்மா கூடையைத் தூக்கிப் பார்த்தார். ஓசூர் வீட்டின் மூன்றாவது மாடிப் படிகள் என் கண்முன் வந்து போயின. மெஷின், பிள்ளையார் வாசலில், சிதறு தேங்காய்க்கு நடுவில் அமைதியாக உட்கார்ந்திருந்தது. ஒரு கீறல் இல்லை. பக்கத்தில் பூசாரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “பதறாதீங்க. ரெண்டு சுத்து சுத்தி வந்துட்டுத்தான் ஒக்காந்துச்சு” என்றார்.

நீங்களே அங்கே, நீங்களே இங்கே

மெஷினுக்குள் ஒரு திசைகாட்டி இருக்கிறது. வடக்கு எது என்று அதற்குத் தெரிந்தால்தான் மற்றதெல்லாம் நடக்கும். இரும்புத் தூணோ, கரண்டுக் கம்பியோ பக்கத்தில் இருந்தால் அது குழம்பிவிடும். அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். ஒருவர் ரிமோட்டில் பொத்தானை அழுத்திப் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் மெஷினைத் தூக்கிக்கொண்டு நின்ற இடத்தில் சுற்ற வேண்டும். அமலி இருந்தவரை நான் சுற்றுவேன், அவள் பொத்தானைப் பார்த்துக்கொண்டு, போதும் நிறுத்துங்க, தலை சுற்றப்போகிறது என்பாள்.

தனியாகச் செய்தபோது திரும்பத் திரும்பத் தப்பு என்றே காட்டியது. கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். பேசிய பெண்ணுக்கு மரியாதையான குரல். “உங்க கூட இருக்கிறவங்களை மெஷின் பக்கத்துல நிக்கச் சொல்லுங்க சார்” என்றாள். கூட யாரும் இல்லை என்றேன். ஏதோ தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. பிறகு, வீட்டில் வேறு யாராவது இருந்தால் கூப்பிடுங்கள் என்றாள். வீட்டிலும் இல்லை என்றேன். அவளுக்கு எழுதிக்கொடுத்திருந்த பதில்களில் அதற்கு ஒன்றும் இல்லைபோல. யோசித்துவிட்டு, மனசோடு சொன்னாள்: “அப்ப நீங்களே அங்க போயிட்டு, நீங்களே இங்க வாங்க சார்.”

சூரியனுக்குள் ஒரு புள்ளி

இந்த சம்பாவில், குடவாசலுக்கு அந்தப் பக்கம் ஒரு வயல். வண்டி போக மேலண்டைப் பக்கம் மட்டும்தான் வழி. ஆகவே நான் கிழக்கே பார்த்து, எழும்புகிற சூரியனைப் பார்த்து நிற்க வேண்டியதாயிற்று. கீழண்டை வரப்பில் குடையை நட்டிருந்தேன். அதற்கு அடுத்த வயலில் பெண்கள் குனிந்து களை பறித்துக்கொண்டிருந்தார்கள். நான் குடை நடப் போனபோது பாக்கியம் என்ற அம்மாவிடம், மெஷின் இந்தப் பக்கம் வராது என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். வயலின் வடக்கு மூலையில் புதிதாக ஒரு டிரான்ஸ்பார்மர் வைத்திருந்தார்கள். ஒதுங்கித்தான் அடித்தேன். ஆனாலும் நான் நினைத்ததைவிடத் தூரம் அதன் கை நீண்டிருக்கிறது.

மெஷின் நின்ற இடத்தில் நிற்காமல் வட்டம் போடத் தொடங்கியது. ஒவ்வொரு வட்டமும் முந்தினதைவிடப் பெரிதாயிற்று. ரிமோட்டில் திசைகாட்டிக் கோளாறு என்று சிவப்பாக வந்தது. இதற்கு ஒரே வழி, மெஷினின் புத்தியை அணைத்துவிட்டு முழுசாகக் கையில் வாங்குவது. வாங்கினேன். வட்டம் நின்றது. ஆனால் கையில் வாங்கிய மெஷின் காற்று தள்ளுகிற பக்கம் போகும். மேற்குக் காற்று அதைக் கீழண்டையில், அந்தப் பெண்களை நோக்கித் தள்ளிக்கொண்டு போயிற்று. டாங்கி நிறைய மருந்து. ஆரோக்கியம் நின்ற அன்று செய்ததுபோல மருந்தை ஓடவிட்டுச் சுமையைக் குறைக்க முடியாது, கீழே தலைகள் இருக்கின்றன. பம்பை நிறுத்தினேன். மெஷின் கனமாகவே இருந்தது. அதன் மூக்கு எந்தப் பக்கம் என்று பார்த்தால், சூரியனுக்குள் ஒரு கறுப்புப் புள்ளிதான் தெரிந்தது. நான் குரலுக்காகக் காத்திருந்தேன். எத்தனையோ மாசம் ஆகியும் கை அப்படித்தான் பழகியிருந்தது. குடை நின்றது.

கையை ஒரு துளி முன்னே தள்ளிப் பார்த்தேன். புள்ளி தெற்கே நகர்ந்தது. அப்போது என் வாய் சத்தமாகச் சொன்னது: “மூக்கு தென்னண்டை! காத்து கீழண்டை தள்ளுது! மேலண்டை இழு, மேலண்டை இழு!” என் பக்கம் வரவேண்டும் என்று சும்மா கையைப் பின்னால் இழுத்திருந்தால் அது நேராக வடக்கே டிரான்ஸ்பார்மருக்குப் போயிருக்கும். தெற்கே பார்த்து நிற்பதற்கு மேற்கு வலப்பக்கம். கை வலப்பக்கம் போயிற்று. புள்ளி குடைக்கு மேலே ஒரு கணம் நின்று, சூரியனைவிட்டு வெளியே வந்து, ஆறு கையும் தெரிய என்னை நோக்கி வரத் தொடங்கியது. நான் விடாமல் கத்திக்கொண்டே இருந்தேன். பக்கத்துத் திடலில், கட்டாந்தரையில், கொஞ்சம் வேகமாகவே இறக்கினேன். ஒரு கால் படீரென்று முறிந்து மெஷின் சாய்ந்து நின்றது.

நான் உட்கார்ந்துவிட்டேன். பெண்கள் வரப்பேறி வந்தார்கள். யாருக்கும் ஒன்றுமில்லை, ஒரு சொட்டு மருந்து மேலே படவில்லை. பாக்கியம் முதலில் மெஷினைப் பார்த்தார், பிறகு திரும்பித் தூரத்துக் குடையைப் பார்த்தார். “நாங்க அந்தக் கொடைக்குப் பக்கத்துலதான் இருந்தோம், அடியில யாருமே இல்லியேண்ணே. யாருக்குச் சத்தம் குடுத்தீங்க?” என்றார்.

ஜெனிக்குப் போன்

இந்தத் தடவை வீடியோ எடுக்க யாரும் இல்லை. சொல்லாமலும் இருந்திருக்கலாம். ஆனால் அமலியிடம் சொல்லாத கோளாறு என்று எதுவும் இருந்ததில்லை, அந்தப் பழக்கத்தில் ஜெனிக்குப் போன் போட்டேன். கேட்டதும், “விழுந்துச்சாப்பா?” என்றாள். இறங்கிற்று என்றேன். ஒரு கால் மட்டும் உடைந்துவிட்டது என்றேன். அவள் மெதுவாகக் கேட்டாள்: “மெஷினுக்கா, உங்களுக்கா?”

மெஷினுக்குத்தான் என்றதும் மூச்சு விட்டாள். அடக்கத்துக்குப் பிறகு அவள் சிரித்ததுபோல ஒன்றை அன்றுதான் கேட்டேன். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன், பெண்கள் இருந்ததையும், நான் கத்தியதையும் மறைக்கவில்லை. இனி விற்றுவிடலாம் என்று அவள் சொல்லுவாள் என்று காத்திருந்தேன். சொன்னால் சரி என்பதற்கு வாயைத் தயார் பண்ணியும் வைத்திருந்தேன். அவள் ஓசூர் பேச்சை எடுக்கவில்லை. “எதிர் வரப்புல யாரு நின்னா?” என்றாள். தாயும் மகளும் ஒரே மாதிரி கேட்கிறார்கள். யாரையாவது என்று இந்தத் தடவை சொல்ல முடியவில்லை. உங்கம்மா குடையைத்தான் நட்டிருந்தேன் என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவள் கேட்டது இது: “காத்துல சாயாம ஆழமா நட்டீங்களாப்பா?”

மெஷினுக்குப் புதுக் கால் போட்டாயிற்று, அமலியின் பங்கில் இந்தத் தொழிலுக்கு மிஞ்சியிருப்பது கம்பி வளைந்த அந்தச் சிவப்புக் குடைதான், சும்மா நிற்கிற வேலையில் அதற்கு இதுவரை ஒரு கோளாறும் வரவில்லை.